பழம்பொருளும் பொருள்வரைதலும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்கும் மிகுபொருள் விரும்பாமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம், நம்மில் பெரும்பாலோர் நிலத்தையும் பொன்னையும் நினைக்கின்றோமே அன்றிக் கட்டிலையும் நாற்காலியையும் நினைப்பதில்லை. ஆனால் புறப்பற்றுகளைப் பத்தென வகுத்த நம் ஆசாரியர்கள் நிலம், மனை, செல்வம், தானியம் என்னும் வரிசையிலேயே படுக்கை, இருக்கை, பாண்டம் ஆகியவற்றையும் வைத்துள்ளனர். ஆகவே வீட்டுச் சாமான் என்பது அறநூலுக்குப் புறம்பான செய்தியன்று. ஏட்டில் பலமுறை படித்தும் உறைக்காத இவ்வுண்மை, மகன் குடும்பத்திற்குச் சென்னையில் குடித்தனம் அமைத்துக் கொடுத்தபோதுதான் நமக்கு உறைத்தது.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சென்ற நமக்கு, வீட்டு முன்பணம் கொடுத்தபின் கையில் எஞ்சியது சொற்பமே. புதுச் சாமான் கடையில் விலை கேட்டு மலைத்துப் பழைய மரச்சாமான் விற்கும் கடைகளை நாடினோம். தேக்குக் கட்டில் ஒன்று, பிரம்பு நாற்காலிகள் நான்கு, இரும்புப் பீரோ ஒன்று ஆகியவை புதியவற்றின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிற்குக் கிடைத்தன. ஊரில் இடித்துக் கட்டிய நம் பழைய வீட்டின் வாயிற்கதவுப் பலகை ஒன்று கொட்டகையில் கிடந்தது. அதனைத் தச்சரிடம் கொடுத்து இழைத்துக் கால் பொருத்திப் பேரப்பிள்ளை படிக்கும் மேசையாக்கினோம். தாழ்ப்பாள் இருந்த துளையில் அவன் இப்போது பென்சில் செருகி வைக்கிறான்.

உறவினர் சிலர் முகம் சுளித்தனர். பிறர் படுத்த கட்டில், எவர் உயிர் நீத்த கட்டிலோ என்றனர். இதற்கு விடை கூற நெடுநேரம் வேண்டியதில்லை. வினை உயிரைப் பற்றுமே அன்றி மரச்சட்டத்தைப் பற்றாது. ஒருவர் கட்டிலின் வழியே மற்றொருவர்க்குத் தீவினை வரும் என்பது நம் முன்னோர் உலக மூடம் என்று ஒதுக்கியவற்றோடு சேர வேண்டியது.

நாம் ஆராய வேண்டிய வினா வேறு. பழம்பொருளை வாங்குவதில் அறம் உண்டா, அல்லது அது வெறும் சிக்கனந்தானா?

அறம் உண்டு என்றே கருதுகிறோம். ஒரு முறை துய்த்தவுடன் தீர்வது போகம், மீண்டும் மீண்டும் துய்க்கத்தக்கது உபபோகம் என்று சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக சிராவகாசாரம் பிரித்துக் காட்டுகிறது. சோறு முன்னதற்கும் ஆடை பின்னதற்கும் எடுத்துக்காட்டு. கட்டிலும் உபபோகப் பொருளே. ஆயினும் இன்று பொருள்கள் செய்யப்படும் முறை உபபோகத்தையே போகமாக்கி வருகிறது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகைகள் தரை கழுவும் நீர் பட்டாலே ஊதி உதிர்கின்றன. சில ஆண்டுகளில் அவற்றை எறிந்து வேறு வாங்குகிறோம். நன்கு உலர்ந்த பழந்தேக்கோ தன் எண்ணெய்ப் பசையால் கரையானையும் எளிதில் அண்டவிடாது. இரண்டு மூன்று தலைமுறை நிற்கும். புதுக்கட்டில் ஒன்று செய்ய மரம் வீழ்கிறது. அதில் வாழ்ந்த சிற்றுயிர்கள் அழிகின்றன. அறுப்பு, மெருகு, வண்டிப்பயணம் என்று ஆரம்பம் தொடர்கிறது. பழங்கட்டிலுக்காக அவை எல்லாம் என்றோ நிகழ்ந்து முடிந்துவிட்டன. அதனை நாம் வாங்குவதால் புதிதாக ஒரு மரம் வீழ்வதில்லை.

அப்படியாயின் தோல் உறையிட்ட பழைய சோபாவும் அத்தகையதுதானே? அதனைக் கடைக்காரர் மிகக் குறைந்த விலைக்குத் தர முன்வந்தார். விலங்கு இறந்து பல்லாண்டாயிற்று. நாம் கொல்லவில்லை, கொல்விக்கவும் இல்லை. ஆனால் செய்தல், செய்வித்தல் என்பவற்றோடு உடன்படுதல் என்ற மூன்றாவதும் நம் நெறியில் உண்டு. அதன் மென்மையைத் தடவிப் பார்த்து மகிழ்வது உடன்பாடு அன்றி வேறென்ன? வேண்டாம் என்றோம். மரத்திற்கு ஒரு நியாயம், தோலுக்கு ஒரு நியாயமா என்று மருமகள் கேட்டாள். இல்லறத்தான் நிலையுயிர்க்கு வரும் துன்பத்தை முற்றும் விலக்க இயலாதவன். இயங்குயிரைக் கருதிக் கொல்வதையே அவன் முதலில் விலக்குகிறான் என்று கூறினோம். விடை சரியே. ஆயினும் அதனைக் கூறிய பெருமிதம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

ஐந்தாம் நாள் இரவு பேரப்பிள்ளை உடலெங்கும் தடிப்போடு அழுதான். கட்டிலின் பொருத்துகளில் மூட்டைப்பூச்சிகள் இருந்தன. உணவின்றியே அவை பல மாதம் உயிரோடிருக்க வல்லவை. கட்டிலை மொட்டை மாடியில் போட்டோம். வெயில் கொல்லுமே என்று பின்பு நிழலுக்கு நகர்த்தினோம். வேறொருவர்க்கு விற்றுவிடலாம் என்றான் மகன். அது கொலையைப் பிறர் கையில் ஒப்படைப்பதோடு பொய்யும் சேர்ப்பதாகும். தம்மையும் குடும்பத்தையும் காக்க நேரும் விரோதி இம்சை இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கப்பட்டதன்று என்று அன்பர் ஒருவர் ஆறுதல் கூறினார். ஆனால் அவ்வுயிர்கள் நம்மேல் படையெடுத்து வரவில்லை. ஆயிரங்களை மிச்சப்படுத்தும் ஆவலில், விளக்கைப் பிடித்துப் பொருத்துகளைப் பாராமல், கூலி கொடுத்து நாமே வீட்டிற்குள் ஏற்றி வந்தோம். அவற்றை விரோதி எனச் சொல்ல நாக் கூசியது. இறுதியில் கொதிநீர் ஊற்றினோம். மறைக்க விரும்பவில்லை, ஊற்றியது நம் கைதான். அன்று உண்ணாதிருந்தோம். அதனால் கணக்குத் தீர்ந்தது என்று நாம் நம்பவில்லை.

அன்று முதல் பழம்பொருள் வாங்கச் செல்பவர்க்கு நாம் கூறுவது ஒன்றே. கட்டிலின் பொருத்து, ஆணித்துளை, பிரம்புப் பின்னலின் அடிப்புறம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கரும்புள்ளிகளோ உதிர்ந்த தோலோ தென்பட்டால் விட்டுவிடுங்கள். மரத்தின் அடியில் மாவு போன்ற தூள் உதிர்ந்திருப்பின் உள்ளே வண்டுகள் குடியிருக்கலாம். சமிதிகள் முனிவர்க்கே உரியவை எனினும், பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பு வேண்டும் என்பதை இல்லறத்தானும் இங்கே கைக்கொள்ளலாம்.

கடைகளில் மற்றோர் இடரும் உண்டு. பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று, உலோக எடைக்கும் குறைவான விலைக்கு வந்தது. அதன் அடித்தட்டில் உபயம் என்ற சொல் மட்டும் எஞ்ச, அளித்தவர் பெயர் அராவப்பட்டிருந்தது. கள்வர் கொணர்ந்ததை ஏற்பது கள்ளாமையின் அதிசாரங்களுள் ஒன்று. விளக்கைக் கீழே வைத்துவிட்டோம். எங்கிருந்து வந்தது என்று கேட்கும் துணிவு மட்டும் நமக்கு வரவில்லை.

இத்தனைக்கும் மேலாக நம்மை வருத்தியது வேறொன்று. மலிவு என்பதால் நான்கு நாற்காலிகள் ஒன்பதாயின. அழகாக உள்ளது என்று ஒரு முக்காலி, எதற்கேனும் உதவும் என்று இரண்டு தகரப்பெட்டிகள். பரண் நிறைந்தது. புதுக்கடைக்குச் சென்றிருந்தால் பணமில்லாமையே நமக்கு விரதமாக இருந்திருக்கும். பழங்கடையில் அந்த வேலியும் இல்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் மனிதப் பிறவிக்குக் காரணம் கூறுமிடத்தில் ஆரம்பம், பரிக்கிரகம் ஆகிய இரண்டும் சிறிதாயிருத்தலை இணைத்தே கூறுகிறது. பழம்பொருள் முன்னதைக் குறைக்கிறது. பின்னதைக் குறைப்பதில்லை, பல நேரங்களில் பெருக்குகிறது. ஒன்றைக் குறைத்த மகிழ்ச்சியில் மற்றொன்று வளர்வதை நாம் காணவில்லை.

சென்ற தசலட்சணப் பருவத்தில் உத்தம ஆகிஞ்சன்யத்திற்குரிய ஒன்பதாம் நாள் மகன் வீட்டிலேயே இருந்தோம். குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து வீட்டிலுள்ளவற்றை ஒரு நோட்டில் எழுதினோம். எழுத எழுத மருமகள் சிரித்தாள், பின்பு சிரிக்கவில்லை. நாற்காலி ஆறு, கட்டில் இரண்டு, பீரோ ஒன்று, மேசை ஒன்று என வரையறுத்து, மிகுந்தவற்றை வேண்டியவர்க்கு அளித்தோம். அலமாரி என்னும் சொல்லுக்கு எதிரே சுழியம் இட்டோம்.

இப்போது மேல்வீட்டார் வெளிநாடு செல்கின்றனர். கண்ணாடிக் கதவிட்ட நல்ல அலமாரி ஒன்றை விலையின்றித் தருவதாகக் கூறுகின்றனர். அதில் பூச்சியில்லை, திருட்டில்லை, புதிதாய் எந்த மரமும் வீழப்போவதில்லை. நாம் எடுக்காவிடில் விறகாகலாம் என்கிறான் மகன். நோட்டை எடுத்துப் பார்த்தோம். அலமாரி இன்னும் மாடிப்படியருகே நிற்கிறது.