கதவைத் திறந்தது விதியா?

வைகுண்ட ஏகாதசியையொட்டிய வைகுண்ட துவார தரிசனத்துக்கான இலவச டோக்கன்களை 2025 ஜனவரி 9 அதிகாலை 5 மணிக்குக் கொடுப்பதாகத்தான் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அறிவித்திருந்தது. முதல் மூன்று நாளுக்கு 1,20,000 டோக்கன். அதற்காக முந்தைய நாளே திருப்பதி நகரம் நிறைந்துவிட்டது. பைராகிப்பட்டெடாவில் ஜனங்களை ஒரு பூங்காவுக்குள் மணிக்கணக்கில் உட்கார வைத்திருந்தார்கள். இரவில் உடம்புக்கு முடியாமல் போன ஒரு பெண்ணை வெளியே கொண்டுவருவதற்காகக் கதவைத் திறந்தார்கள். டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து மொத்தக் கூட்டமும் அந்தக் கதவை நோக்கிப் பாய்ந்தது. அன்றிரவு நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். சுமார் நாற்பது பேருக்குக் காயம். இப்படி ஒன்று நடந்ததும் நம் ஊர்களில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். கதவைத் திறக்கச் சொன்னது யார் என்பது ஒன்று. ஆயுசு அவ்வளவுதான், விதி முடிந்துவிட்டது, ஏகாதசிக்குப் போன உயிர் பெருமாள் திருவடி சேரும் என்பது மற்றொன்று. பிள்ளையை இழந்த தாய் இரண்டாவதைச் சொன்னால் அது அவள் பிடித்துக்கொள்ளும் கொம்பு. அதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. கதவுக்குப் பொறுப்பானவர்கள் அதையே சொன்னால் அது பொய், அதிலும் கடவுள் மேல் சொல்லும் பொய். விதியை நம்புவது வேறு, விதியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றித் தான் தப்பிப்பது வேறு.

இந்த வழக்கு திருப்பதிக்கோ வைணவத்துக்கோ மட்டும் உரியதல்ல. 1990 ஜூலை 2ஆம் தேதி மக்காவுக்கு அருகே ஒரு நடைச் சுரங்கத்தில் ஏற்பட்ட நெரிசலில் 1,426 ஹஜ் பயணிகள் இறந்தார்கள். அப்போது சவுதி மன்னர் ஃபஹத் சொன்ன விளக்கம், இது இறைவனின் நாட்டம்; அங்கே இறந்திராவிட்டால் விதிக்கப்பட்ட அதே நேரத்தில் வேறெங்காவது இறந்திருப்பார்கள் என்பது. 2015 செப்டம்பரில் மக்காவை அடுத்த மினாவில், ஹஜ்ஜின்போது மறுபடி ஒரு பெருநெரிசல். மனிதர் கையில் இல்லாத காரியத்துக்கு உங்கள் மேல் குற்றமில்லை என்று அந்நாட்டின் தலைமை முஃப்தி, ஹஜ் பாதுகாப்புக்குப் பொறுப்பான பட்டத்து இளவரசரிடமே சொன்னார். ஆறுதல் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்: பிணத்தைத் தேடி அலைந்த குடும்பங்களிடம் அல்ல, ஏற்பாடு செய்தவரிடம்.

இதில் வேடிக்கை, இதே வாதத்தை இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டே கேட்டுச் சலித்துவிட்டது. டமாஸ்கஸில் ஆண்ட உமைய்யா கலீஃபாக்களுக்குக் ‘களா கத்ர்’ என்னும் இறைவிதி அரசியலுக்குக் கைகொடுத்தது. நாங்கள் அரியணையில் இருப்பது அல்லாஹ்வின் ஏற்பாடு, நாங்கள் செய்வதும் அவன் விதித்ததே என்றால் எதிர்த்துப் பேச ஆள் எங்கே? பஸராவின் மஃபத் அல் ஜுஹனி பேசினார். இந்த அரசர்கள் முஸ்லிம்களின் ரத்தத்தைச் சிந்துகிறார்கள், பொருளைப் பறிக்கிறார்கள், எல்லாம் இறைவன் விதித்தபடி நடக்கிறது என்கிறார்களே என்று அவர் ஹஸன் பஸரியிடம் முறையிட்டதாகவும், அல்லாஹ்வின் பகைவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று ஹஸன் பதில் சொன்னதாகவும் வரலாற்றாசிரியர் இப்னு குதைபா பதிந்திருக்கிறார். 728இல் மறைந்த ஹஸன், தன் கால முஸ்லிம்கள் பக்திக்கு அளவுகோலாக வைத்த மனிதர். அவரை நாத்திகர் என்று யாரும் ஒதுக்க முடியாது. மஃபதை 700ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொன்றார்கள். அதே கருத்தைப் பேசிய டமாஸ்கஸ் கய்லானுக்குக் கலீஃபா ஹிஷாம் காலத்தில் அதே கதி. மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற ஒரு தத்துவக் கருத்துக்காக அரசாங்கம் ஏன் ஆளைக் கொல்ல வேண்டும்? அந்தக் கருத்து தன்னைத்தான் கணக்குக் கேட்கிறது என்று அரசாங்கத்துக்குப் புரிந்திருந்தது. குர்ஆனின் ஆறாம் அத்தியாயம் 148ஆம் வசனமும் இந்தச் சாக்கை முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கிறது: இறைவன் நாடியிருந்தால் நாங்கள் இணைவைத்திருக்க மாட்டோம் என்று வாதாடுகிறவர்களை அது கண்டிக்கிறது. பதின்மூன்றாம் அத்தியாயமோ, ஒரு கூட்டம் தன்னை மாற்றிக்கொள்ளாதவரை இறைவன் அதன் நிலையை மாற்றுவதில்லை என்கிறது.

எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி கலீஃபா உமர். சிரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவருக்கு ஸர்க் என்ற இடத்தில், அம்வாஸ் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்ற செய்தி வந்தது. கூட இருந்தவர்களுடன் கலந்தாலோசித்து மதீனாவுக்கே திரும்ப முடிவு செய்தார். இறைவன் விதித்ததிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று படைத்தளபதி அபூ உபைதா கேட்டார். ஆமாம், ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கு ஓடுகிறோம் என்றார் உமர். ஒட்டகங்களோடு ஒரு பள்ளத்தாக்கில் இறங்கினால், பச்சையாக இருக்கும் சரிவில் மேய்த்தாலும் காய்ந்த சரிவில் மேய்த்தாலும் இரண்டும் இறைவிதிதானே என்று திருப்பிக் கேட்டார். விதியை உமர் துளியும் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் உயிருக்குப் பொறுப்பானவன் எந்தச் சரிவில் மந்தையை இறக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஸிஃப்பீன் போருக்குப் பிறகு, எல்லாம் கட்டாய விதியென்றால் நற்கூலிக்கும் தண்டனைக்கும் அர்த்தமே இல்லையே என்று கலீஃபா அலீ ஒருவருக்கு விளக்கியதாக நஹ்ஜுல் பலாகாவில் இருப்பதும் இதே தடம்தான்.

மறுபக்கத்துக்கும் ஆதாரம் இல்லாமலில்லை. இறைவன் நாடாமல் நீங்கள் நாடவும் மாட்டீர்கள் என்று குர்ஆனே சொல்கிறது. மனிதனுக்குச் செயலே கிடையாது, கல் உருண்டது என்பதுபோல் பேச்சுக்குத்தான் அவன் செய்தான் என்கிறோம் என்று இறையியலாளர் ஜஹ்ம் பின் ஸஃப்வான் கடைசிவரை போனார். பத்தாம் நூற்றாண்டில் இறையியலாளர் அஷ்அரி, செயலைப் படைப்பவன் இறைவன், அதை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்று நடுவழி கண்டார். தமிழ் முஸ்லிம்களின் மதரசாக்கள் பலவற்றில் இன்றும் அதுதான் பாடம். சரி, இருக்கட்டும். ஈட்டியவன் விசாரணைக்கு வர வேண்டாம் என்று அஷ்அரி எங்கும் சொல்லவில்லையே!

நம் பக்கத்திலும் இதே கதைதான். ஊழைவிட வலியது எது என்று கேட்ட வள்ளுவரே ஆள்வினையுடைமையில், தெய்வத்தால் ஆகாதபோதும் உழைப்புக்குக் கூலி உண்டு என்கிறார். ஊழ்வினையைத் தன் மூன்று உண்மைகளில் ஒன்றாக அறிவித்துத் தொடங்கும் சிலப்பதிகாரத்தில், சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் என்ன செய்கிறான்? கோவலனின் ஊழ் என்று கையை விரித்திருந்தால் காப்பியத்தின் தத்துவத்துக்கு அது பொருந்தியே இருக்கும். அவனோ தானே கள்வன் என்று சொல்லி உயிரை விடுகிறான். திருமலை அடிவாரத்துக்கு நெருக்கமான வடகலை, தென்கலை வழக்கையே எடுத்துக்கொள்வோம். தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்ற அந்த வழக்கு ஜீவன் மோட்சம் அடைவதைப் பற்றியது. பூங்காக் கதவுக்குக் காவல் போடும் வேலையைப் பெருமாளிடம் விட எந்தக் கலையும் இடம் கொடுக்கவில்லை.

ஒரு ஆட்சேபம் மிச்சம் இருக்கிறது. ஜனங்கள் முண்டியடித்தால் அதிகாரி என்ன செய்வார்? மினாவே பதில் சொல்கிறது. அங்கே ஜமராத் பாலத்தில் கல்லெறியும் சடங்கின்போது நெரிசல் சாவு திரும்பத் திரும்ப வந்தது. 2006 ஜனவரியில் மட்டும் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏற்கெனவே, கல்லெறிவதற்கு இலக்கான தூண்களை நீண்ட சுவர்களாக மாற்றியிருந்தார்கள். அந்த வருஷ ஹஜ் முடிந்ததும் பழைய பாலத்தை இடித்து, பல அடுக்குகளோடு, போக ஒரு வழியும் வர ஒரு வழியுமாகப் புதிதாகக் கட்டினார்கள். அதன் பிறகு அந்தப் பாலத்தில் பெருநெரிசல் இல்லை. 2015இல் ஜனங்கள் செத்தது அங்கே போகும் தெருச் சந்திப்பில். அதே பக்தர்கள், அதே சடங்கு, அதே இறைவன். மாறியது கட்டடமும் வழியும்தான்.

திருப்பதியிலும் விதியைக் காரணம் காட்டிக் கோப்பை மூடவில்லை என்பது நல்ல விஷயம். அதிகாரிகள் இடைநீக்கமும் இடமாற்றமும் ஆனார்கள், நீதி விசாரணைக்கு உத்தரவானது, இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா ரூ.25 லட்சம் அறிவிக்கப்பட்டது. அடுத்த வைகுண்ட ஏகாதசி 2025 டிசம்பர் 30இல் வந்தது. அப்போது முதல் மூன்று நாளுக்கான டோக்கன்களைத் தேவஸ்தானம் இணையவழிக் குலுக்கலில் கொடுத்தது. இந்த வழி முன்பே கையில் இருந்ததுதான்: சேவை டிக்கெட்டுகளுக்கு அதே குலுக்கலைத் தேவஸ்தானம் பல வருஷமாகவே நடத்திவந்திருக்கிறது.