ஒலிச் சமநிலையும் அறமும்

பலர் கூடி உழைத்து ஆக்கும் கலைப்படைப்பிலே எவருடைய குரல் ஓங்க வேண்டும், எவருடையது ஒடுங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது? வினா பழையது, எனினும் இன்று அது வீட்டு மேசைக்கே வந்து சேர்ந்துள்ளது. மேல்நாட்டுச் செவ்வியல் இசைக்குழுவின் வாசிப்பைப் பல ஒலிவாங்கிகளால் தனித்தனித் தடங்களாகப் பதிவுசெய்து, அத்தடங்களைப் பயில்வோருக்கென இணையத்தில் வழங்குகின்றனர். ஒரு கணினியும் நல்ல ஹெட்போனும் உடைய எவரும் அவற்றை ஒன்றுகலந்து, தாம் விரும்பும் வடிவில் அமைத்துக்கொள்ளலாம். பெருங் கம்பனிகளின் கலையகங்களிலே ஒரு சிலர் மட்டும் செய்த தொழில் பலர் கைக்கு வந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயின், அதிகாரம் கைமாறும்போது பொறுப்பும் உடன் வருகின்றதா என்பதை நாம் நோக்குதல் வேண்டும்.

மண்டபத்தில் ஒலித்தபடியே பதிவு அமைய வேண்டும், பின்னர் அதிற் கை வைப்பது பொய் என்பார் உளர். 1951 இல் அமெரிக்காவின் மேர்க்குரி கம்பனி, சிக்காகோ இசைக்குழு முழுவதையும் ஒரே ஒலிவாங்கியாற் பதிவுசெய்தது. இதனினும் நேர்மையான முறை உண்டோ என்று தோன்றும். ஆனால் அவ்வொரு ஒலிவாங்கியை எங்கே தொங்கவிடுவது? சற்று முன்னே இழுத்தால் வயலின்கள் ஓங்கும். பின்னே தள்ளினால் மண்டபத்தின் எதிரொலி மிகும். தெரிவு செய்யாத பதிவு உலகில் இல்லை.

இதற்கு நேர்மாறாக, 1964 இல் மேடையைத் துறந்த கனடியப் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட், வெட்டியும் ஒட்டியும் இசையைச் செம்மை செய்வது கலைஞனின் உரிமை என்றார். கேட்போனும் படைப்பிற் பங்காளியாவான் என்று 1966 இலேயே எதிர்பார்த்தார். அவ்வெதிர்பார்ப்பு இன்று நிறைவேறிவிட்டது. ஆகவே, தலையிடலாமா என்பதன்று இன்றைய கேள்வி. எந்த நியாயத்தின்பேரில் தலையிடுகின்றோம் என்பதே.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808 இல் வியன்னாவில் அரங்கேறியது. அதன் முதற் பகுதியிலே இரண்டாம் கருப்பொருளை அறிவிக்கும் முழக்கத்தைக் கொம்புகள் வாசிக்கின்றன. அதே முழக்கம் பின்னர் வேறு சுருதியில் மீண்டும் வரும்போது, அதனைப் பசூன் என்னும் மென்மையான துளைவாத்தியத்திடம் அவர் ஒப்படைத்தார். வால்வுகளற்ற அக்காலக் கொம்பு, இடையிற் குழல் மாற்றிப் பூட்டாமல் அச்சுருதியில் அதனை வாசித்தல் அரிது என்பதே காரணம் எனப் பலர் கருதுவர். பிற்கால இசைநடத்துநர் சிலர் அவ்விடத்திலே கொம்புகளையே முழங்கச் செய்தனர். வேறு சிலர் பசூனை விட்டுக்கொடுக்கவில்லை. இன்று வீட்டிலே அமர்ந்து பசூனுக்கு அருகிலிருந்த ஒலிவாங்கியின் தடத்தை உயர்த்துபவரும் அதே வாதத்திற் பங்குகொள்கின்றார். அவர் அதனை அறிந்து செய்கின்றாரா, வெறும் கவர்ச்சிக்காகச் செய்கின்றாரா என்பதிலேதான் வேறுபாடு உள்ளது.

இத்தொழிலின் பௌதிக இயல்பே நமக்கொரு பாடம் புகட்டுகின்றது. ஒரே மண்டபத்தில் வாசித்த குழுவின் தடங்கள் உண்மையில் தனித்தவை அல்ல. பசூனுக்கென வைத்த ஒலிவாங்கியிலே அருகிலுள்ள கிளாரினெட்டும் வயோலாவும் கலந்தே விழும். அத்தடத்தை முற்றாக அணைத்தாலும், குழு முழுவதையும் ஏற்கும் பிரதான ஒலிவாங்கிகளிலே பசூன் ஒலித்துக்கொண்டேயிருக்கும். பிரதான ஒலிவாங்கி பத்து மீற்றர் தள்ளியிருப்பின், ஒலி அதனை வந்தடைய ஏறக்குறைய 30 மில்லிசெக்கன் பிந்தும். இதனாலே கலப்பவர் அண்மைத் தடத்தை அவ்வளவுக்குத் தாமதப்படுத்திப் பொருத்துவதுண்டு. ஒருவரை அவருடைய அயலவரிடமிருந்து பிரித்தெடுக்க முடியாது என்பது இங்கு உபதேசமன்று. காதாற் கேட்கும் உண்மை.

2020 இல் நோய்ப் பரவல் மண்டபங்களை மூடியபோது, றொட்டர்டாம் இசைக்குழுவினர் தத்தம் வீடுகளிலிருந்தே பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியின் ஒரு பகுதியை வாசித்து ஒன்றிணைத்தனர். அம்முயற்சி மனிதரை நெகிழ வைத்தது. எனினும், தனித்தனியே பதிந்த இத்தகைய இசையிலே ஒருவர் மூச்சுக்கு மற்றவர் விட்டுக்கொடுக்கும் அந்த உடனடிச் செவியுணர்வுக்கு இடமில்லை. அதனைப் பின்னர் கலப்பவரே ஊகித்து அமைக்க வேண்டும். மண்டபத்திலே சமநிலையை ஆக்குவது வாசிப்போர் ஒருவரையொருவர் கேட்கும் செயலாகும்.

கூட்டு உழைப்புக்கு ஒருங்கிணைப்பு வேண்டும் என்பதை விளக்க, மார்க்ஸ் மூலதனத்திலே இசைநடத்துநரையே எடுத்துக்காட்டினார். அவர் வாத்தியங்களின் உடைமையாளராய் இருக்க வேண்டியதில்லை என்றும் சுட்டினார். ஒருங்கிணைப்பு வேறு, ஆதிக்கம் வேறு. 1922 இல் மொஸ்கோவிலே தோன்றிய பெர்சிம்ஃபான்ஸ் என்னும் குழு நடத்துநரே இல்லாமல், ஒருவரையொருவர் பார்க்குமாறு அமர்ந்து, கலந்து பேசி முடிவெடுத்து, 1932 வரை வாசித்தது. நடத்துநர் இல்லாதபோதும் அங்கே ஒழுங்கு இல்லாமற் போகவில்லை.

நடத்துநர் தவறினால் ஒத்திகையிலே வாத்தியக்காரர் முணுமுணுப்பர்; முகத்தைச் சுளிப்பர். வீட்டிலே கலப்பவருக்கு அத்தகைய எதிர்ப்பு எதுவுமில்லை. இரண்டாம் வயலின் வரிசையின் பின்னிருக்கையில் அமர்ந்தவரின் பல்லாண்டு உழைப்பை ஒரு விரலசைவு அமிழ்த்திவிடலாம். அவர் அதனை அறியவும் மாட்டார். எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்திலேதான் அறம் சோதனைக்குள்ளாகின்றது.

ஆதலின் இக்கலையைப் பயில விழையும் நம் மாணவர் மூன்று கடமைகளை மனங்கொள்வாராக. முதலாவது, எதனையும் நகர்த்துமுன் முழுவதையும் பொறுமையுடன் கேட்டல். இரண்டாவது, ஒன்றை உயர்த்தவோ தாழ்த்தவோ படைப்பிலிருந்தே காரணம் காட்டல். மூன்றாவது, தாம் செய்த மாற்றத்தைக் கேட்போருக்கு ஒளியாமற் கூறல். இவற்றைக் கைக்கொள்பவர் மெல்லிய குரலை வேண்டுமிடத்தில் துணிந்து உயர்த்தலாம், அது பொய்யாகாது. பிறர் உழைப்பைத் தம் இரசனைக்கு வெறும் மூலப்பொருளாக்குபவரோ, ஒரு சுரத்தையும் மாற்றாமலே அதனைப் பொய்யாக்கிவிடுவர்.