பஸ் பாஸும் பற்றின்மையும்

பலன் கிடைக்கும் என்று தெரிந்தே செய்யும் நல்ல காரியம் அறமாகுமா? எங்கள் கீதை வகுப்பில் ஓர் இளைஞர் இதைக் கேட்டார். நியூஜெர்சியின் எடிசனிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர். "அக்கா, தனி ஆளா காரை எடுத்துட்டுப் போய்க் காத்தைக் கெடுக்கக் கூடாதுன்னுதான் ரயில்ல போக ஆரம்பிச்சேன். பாஸ் காசுக்கு வரி கிடையாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப நான் செய்யறது தர்மமா, லாபக் கணக்கா?"

சம்பளக் கணக்குப் பார்ப்பது என் தொழில். புதிதாகச் சேருகிறவர்களிடம் இந்தச் சலுகையை விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதும் நான்தான். அதனால் அந்தக் கேள்வியை என்னிடமே கேட்டதாக எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 132ஆம் பிரிவில் இதற்கு இடமிருக்கிறது. ரயில், பஸ் பாஸுக்கும், பலர் சேர்ந்து போகும் வேனுக்குமான செலவை வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். 2025இல் இதன் உச்சவரம்பு மாதம் 325 டாலர். வேன் என்றால் ஓட்டுபவர் நீங்கலாக ஆறு பேராவது உட்கார இடம் வேண்டும். குறைந்தது 20 ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் இதை வழங்கியே ஆக வேண்டும் என்று 2019இல் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் எங்கள் நியூஜெர்சி.

அந்த இளைஞரின் தயக்கத்துக்கு நம் மரபில் ஆழமான வேர் உண்டு. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்கிறது கீதையின் இரண்டாம் அத்தியாயம். புறநானூற்றில் ஆய் வள்ளலைப் பாடும் முடமோசியார், மறுமையில் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறத்தை விற்கும் வணிகன் அல்லன் அவன் என்கிறார். சான்றோர் பிறரும் நடந்த வழி என்பதாலேயே ஆய் கொடுத்தானாம். இந்தக் காரணத்தை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். அறம் ஒருவரின் மனத்துக்குள் மட்டும் பிறப்பதில்லை. பலர் நடந்து நடந்து உண்டாக்கிய வழியில் இன்னொருவரும் நடப்பதும் அறம்தான். அப்படியானால், அந்த வழியை நடக்கத் தக்கதாக வைத்திருப்பது சட்டத்தின் கடமையும் ஆகிறது.

சட்டம் நெடுங்காலம் அதற்கு எதிர்த்திசையில்தான் கைகொடுத்தது. முதலாளி தரும் கார் நிறுத்துமிடத்தின் மதிப்புக்கு 1992 வரை வரியும் இல்லை, வரம்பும் இல்லை. அந்த ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்தபோதும், கார் நிறுத்த மாதம் 155 டாலர், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் 60 டாலர் என்றுதான் வைத்தது. நடுவே சில காலம் இரண்டும் சமமாயின, மறுபடி விலகின. நிரந்தரச் சமநிலை 2015 டிசம்பரில்தான் வந்தது. ஆகவே, ரயிலில் போகிறவருக்குக் கிடைப்பதை அறத்துக்குக் கொடுத்த கூலி என்று நான் எண்ணவில்லை. தனியாகக் காரில் வந்தவர் அதற்கு முன்பிருந்தே கூலி வாங்கிக்கொண்டிருந்தார். அதை யாரும் கூலி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் இளைஞரின் முகம் தெளிந்தது. எனக்கோ மனம் அடங்கவில்லை. 'என் எண்ணம் தூயதா' என்று நம்மையே துருவிக்கொண்டிருக்கையில், பக்கத்து இருக்கையில் யார் இருக்கிறார் என்பதைப் பார்க்கத் தவறுகிறோம்.

மாதம் 200 டாலர் பாஸ் என்று வைத்துக்கொள்வோம். 22 சதவீத வருமான வரி கட்டுபவருக்கு, சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தங்களையும் சேர்த்தால் சுமார் 59 டாலர் மிச்சம். வருமான வரியே வராத அளவுக்குக் குறைந்த சம்பளம் வாங்குபவருக்கு சுமார் 15 டாலர்தான். வீடு வீடாகப் போய்ச் சுத்தம் செய்து சுயதொழிலாகப் பிழைப்பவருக்கு ஒன்றுமே இல்லை, அவரைச் சட்டம் ஊழியராகக் கொள்வதில்லை. மூவரும் ஒரே பெட்டியில் வருகிறார்கள். காற்றுக்கு அவர்கள் செய்யும் நன்மையும் ஒன்றே.

இதே பிரிவு இன்னொரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. சம்பளத்தில் கழிக்காமல், முதலாளியே பாஸை வாங்கிக் கொடுக்கலாம். வரம்புக்குள் இருக்கும்வரை அதற்கும் ஊழியர் வரி கட்ட வேண்டாம். அப்போது குறைந்த சம்பளக்காரருக்கும் முழு 200 டாலர் கைக்கு வருகிறது. ஒரு நிறுவனம் எந்த வழியை எடுக்கிறது என்பதில்தான் அறம் சோதிக்கப்படுகிறது என்று நம்புகிறேன். அந்தச் சோதனை, படிவத்தில் கையெழுத்திடும் ஊழியருக்கு அல்ல, அதை வகுப்பவருக்கு.

பற்றின்மை என்பது கிடைத்த சலுகையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டாம் என்பதால் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரு காசும் போய்ச் சேராது. அது எனக்கு மட்டும் உரியது என்று பிடித்துக்கொள்ளாமல், அவருக்கும் எப்படிச் சேர்ப்பது என்று யோசிக்கத் தொடங்குவதே பற்றை விடுவது. நம்மில் பலர் இன்று இந்த நாட்டில் தொழில் நடத்துகிறோம், நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறோம். ஆய் கொடுத்ததைப் புலவர் பாடினார். நம்மைப் பாட யாரும் வர வேண்டாம். அடுத்த ஆண்டுக்கான சலுகைப் பட்டியலைத் தீர்மானிக்க உட்காரும்போது, மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவரின் பாஸிலிருந்து கணக்கைத் தொடங்கினால் போதும்.