பரணும் பாயும்

கார்த்திகை மாதத்து விடியலில், மூடுபனி வெள்ளிமலைச் சாமைக் கொல்லைகளை மறைத்து நிற்கும் வேளையில், கோரைப் பாயில் சம்மணமிட்டு, மூச்சின் போக்கையும் வரவையும் எண்ணியபடி இயேசுவின் நாமத்தை மனத்துள் ஜெபிப்பது என் வழக்கம். ஞானஸ்நானம் பெற்றவனுக்கு இந்த யோகமெல்லாம் அடுக்குமா என்று எங்கள் சபை மூப்பர் கேட்ட நாள்முதல், அந்தப் பாயில் என்னோடு ஒரு சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

சந்தேகம் பழையதுதான். 1950-இல் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவேரிக் கரையில், ஜூல் மொன்ஷானன், ஹென்றி லெ சோ என்னும் பிரெஞ்சுக் குருமார் இருவர் காவி உடுத்திச் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவியபோது, வேதாந்தத்தின் பரம்பொருளையும் திருச்சபையின் திரித்துவத்தையும் ஒரே நாமத்தால் வணங்கத் துணிந்தனர். சாந்திவனம் என்று வழங்கும் அவ்விடத்தில் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அவ்விருவரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. மொன்ஷானன், 1957-இல் பாரிஸில் மறையுமுன்னரே, அத்வைதமும் சிலுவையும் இசையுமா என்று ஐயுற்றார்; அபிஷிக்தானந்தரென்று பெயர் பூண்ட லெ சோவோ, ரமண மகரிஷியைத் தரிசித்தபின் திருவண்ணாமலைக் குகைகளில் பலகாலம் தங்கி, தாம் அங்கே அனுபவித்ததை மறுக்கவும் மாட்டாமல், பூசை வைப்பதை விடவும் மாட்டாமல், 1973-இல் கண்மூடும்வரை தவித்தார். அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன்.

1989-இல் வத்திக்கான் விடுத்த மடலொன்று, ஆசனமும் மூச்சும் ஜெபத்துக்கு உதவலாம், ஆயினும் அவற்றால் உடம்பில் ஊறும் இதத்தைப் பரிசுத்த ஆவியின் ஆறுதலென்று மயங்கலாகாது என்றது. மூப்பர் இதைப் படித்திருந்தால் என்னை இன்னும் நன்றாக மடக்கியிருப்பார்.

சென்ற போகத்தில், கதிர் முற்றிய கொல்லையில் காட்டுப்பன்றிக்குக் காவலிருந்த மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த குடியானவர் ஒருவரோடு ஓரிரவு பரணில் கழித்தேன். மடியில் தகர டப்பா, கையில் கோல். ஐந்து நாழிகை ஒரு பேச்சில்லை.

"என்ன நினைச்சுக்கிட்டிருக்கீங்க?" என்றேன்.

"நினைச்சா தூக்கம் வந்துருங்க ஐயா. காதைக் கொல்லையில வச்சிருக்கேன்."

பன்றியையும் பரமனையும் ஒருசேரச் சொல்வதை மூப்பர் மன்னிப்பாராக. அந்த மனிதர் ஒரு வரவை எதிர்பார்த்துச் சும்மாயிருந்தார்; நானோ, இத்தனை வருஷமாக, சும்மாயிருத்தலின் சுகத்தையே எதிர்பார்த்துச் சும்மாயிருந்திருக்கிறேன். நான் உட்காரும் விதத்தைக் கேட்ட மூப்பர், யாருக்காக உட்காருகிறாய் என்று கேட்டிருந்தால் அன்றே விடை சொல்லத் திணறியிருப்பேன்.

அன்றிரவு பன்றி வரவில்லை. விடிந்ததும் அவர் டப்பாவை ஒருமுறை தட்டிவிட்டு இறங்கினார். பாயை நான் இன்றும் விரிக்கிறேன்; மூச்சை எண்ணுவதை மட்டும் விட்டுவிட்டேன்.