பாரம்பரியமும் பாஷாணமும்

புற்றுநோய் என்ற சொல்லை நாம் இன்னமும் குரலைத் தாழ்த்தியே உச்சரிக்கிறோம். அந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அதன் பின்னாலேயே ஆலோசனைகளும் நுழைகின்றன. ஒருவர் தொலைபேசியில் சித்த வைத்தியர் ஒருவரின் விலாசத்தைத் தருகிறார். இன்னொருவர் நகரத்திலுள்ள சீன மருந்துக்கடையைச் சொல்கிறார். "அவங்கட வைத்தியம் ஐயாயிரம் வருசப் பழசு. வெள்ளைக்காரன்ர மருந்து உடம்பை எரிச்சுப்போடும், இது வேரிலையிருந்து மாத்தும்." இப்படிச் சொல்பவர் கெட்டவரல்லர். அன்பினாலேயே சொல்கிறார். அன்பினால் சொல்லப்படும் ஆலோசனைக்கு, அது உண்மையாகவும் இருக்கவேண்டும் என்ற கடமை உண்டா? இதுவே எமது கேள்வி.

இக்கேள்விக்கு எம்மிடையே இரண்டு சுலபமான பதில்கள் உலவுகின்றன. சீன வைத்தியம் முழுவதும் மூடநம்பிக்கை என்பது ஒன்று. ஒரு மனிதரின் கடைசி நம்பிக்கையைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை என்பது மற்றது. முதலாவது பதில் வரலாற்றை அறியாதது. இரண்டாவது, நோயாளியை மதிப்பதுபோலத் தோன்றினாலும் அவரைத் தனியே விட்டுவிடுகிறது.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1970களின் ஆரம்பம். சீனாவில் கலாசாரப் புரட்சியின் காலம். நாட்டு வைத்தியர் ஒருவரின் மருந்து புற்றுநோயைக் குணப்படுத்துவதாக வடகிழக்குச் சீனாவின் கிராமப்புறமொன்றிலிருந்து செய்தி வருகிறது. ஹார்பின் நகர மருத்துவக் கல்லூரியின் வைத்தியர்கள் அதை விசாரிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ட்சாங் திங்டொங். அந்த மருந்தில் மூன்று பொருட்கள் இருந்தன: ஆசனிக், இரசத்தின் உப்பொன்று, தேரையின் நஞ்சு. ஆசனிக் என்பது எமக்கு அந்நியமானதல்ல. எமது சித்த வைத்தியம் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது அதைத்தான்.

அவர்கள் அந்த மருந்தைப் பிரித்துப் பார்த்தார்கள். இரச உப்பு சிறுநீரகத்தைக் கெடுத்தது. தேரை நஞ்சு இரத்த அழுத்தத்தை ஏற்றியது. நோயுடன் போராடியது பாஷாணமே. அதுவும் எல்லாப் புற்றுநோய்களுடனும் அல்ல, ஏ.பி.எல். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒருவகை இரத்தப் புற்றுநோயிலேயே அதன் பலன் தெளிவாகத் தெரிந்தது. பின்னர் ஷங்காயில் சென் சூவும் அவரது குழுவினரும், அந்நோய்க்குக் காரணமான பிறழ்ந்த புரதத்தை ஆசனிக் சிதைக்கிறது என்று காட்டினர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா அதை மருந்தாக அங்கீகரித்தது. அதே ஷங்காயில் வாங் சென்யி 1980களில் பயன்படுத்தத் தொடங்கிய மருந்தொன்று, விற்றமின் ஏ யிலிருந்து பெறப்பட்டது. இவை இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வழமையான கீமோதெரபி இல்லாமலே இந்நோயின் பல நிலைகளைக் குணப்படுத்தலாம் என்பதை 2013இல் வெளியான இத்தாலிய - ஜேர்மன் ஆய்வு நிறுவியது. ஒருகாலத்தில் இரத்தப்போக்கினால் ஆட்களை நாட்கணக்கில் கொன்ற நோயிலிருந்து இன்று பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள்.

இதே ஆசனிக் நிலத்தடி நீரில் கலந்து, வங்காளதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களை உண்டாக்கியிருக்கிறது. இயற்கையானதா, பழமையானதா, கிழக்கத்தையதா என்ற கேள்விகள் இங்கே எதையும் தீர்க்கவில்லை. எந்த நோய்க்கு, எவ்வளவு, எவருடைய கண்காணிப்பில் என்ற கேள்விகளே தீர்த்தன. அந்தக் கிராமத்து வைத்தியரை ஹார்பின் வைத்தியர்கள் அவமதித்தார்கள் என்று சொல்லமுடியுமா? அவரது மருந்தைக் கேள்வியின்றி வாங்கி விழுங்கியவர்களைவிட, பிரித்துப் பார்த்தவர்களே அவருக்கு அதிக மரியாதை செய்தார்கள் என்று நாம் கருதுகிறோம்.

சீனர்கள் தமது வைத்தியத்தைப் பற்றி ஒரே குரலில் பேசியதுமில்லை. லூ சுன் தனது முதலாவது சிறுகதைத் தொகுதியின் முன்னுரையில் தந்தையின் நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். சிறுவனான அவர் ஆண்டுக்கணக்காக அடகுக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடந்திருக்கிறார். வைத்தியர் கேட்டவையோ மாரிகாலத்தில் தோண்டிய வேர், மூன்றாண்டு பனியில் கிடந்த கரும்பு, சோடி பிரியாத சில்வண்டுகள். தந்தை 1896இல் இறந்தார். மருத்துவம் படிக்க லூ சுன் யப்பானுக்குப் போனதன் பின்னால் அந்த மரணமும் இருந்தது. இன்று 'பாரம்பரிய சீன வைத்தியம்' எனக் கற்பிக்கப்படும் ஒழுங்கான பாடத்திட்டமும்கூட ஐயாயிரம் ஆண்டுகள் பழையதல்ல. பெய்ஜிங், ஷங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நகரங்களில் அதற்கான அரச கல்லூரிகள் 1956இலேயே ஆரம்பிக்கப்பட்டன.

பழமையான அனுபவம் பொய்யாகுமா என்று கேட்கலாம். அனுபவம் பொய்யல்ல. ஆனால் அதன் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு வேரைத் தின்றவர் அன்றிரவே வாந்தி எடுத்தால் கிராமம் அதை நினைவில் வைத்திருக்கும். பத்து வருடங்களின் பின் அவரது சிறுநீர்க்குழாயில் புற்றுநோய் வந்தால் இரண்டையும் இணைத்துப் பார்க்க எவராலும் முடியாது. 1990களின் ஆரம்பத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் இந்த எல்லை வெளிச்சத்துக்கு வந்தது. உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரைகளை உட்கொண்ட பெண்கள் நூறுக்கும் அதிகமானோரின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. சீன மொழியில் ஏறத்தாழ ஒரே பெயருடைய இரு மூலிகைகளில், ஒன்றுக்குப் பதிலாக மற்றது சேர்ந்துவிட்டிருந்தது. சமையலறைகளில் வேலைசெய்யும் எம்மவருக்குத் தெரியும், பெட்டியிலுள்ள பெயரைப் பார்த்துவிட்டு உள்ளிருப்பதைப் பாராமல் சட்டியில் போடக்கூடாது. அப்பெண்களில் 39 பேரின் பழுதான சிறுநீரகங்கள் அகற்றிச் சோதிக்கப்பட்டபோது 18 பேரிடம் புற்றுநோய் காணப்பட்டதாக 2000இல் ஆய்வு வெளியானது.

ஆனால் இதைப் பெயர்க்குழப்பம் என்று மட்டும் ஒதுக்கமுடியாது. காரணமான அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்ட செடிகள் சீன வைத்தியத்தில் தெரிந்தே பயன்படுத்தப்பட்டு வந்தவை. எமது ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவை. அதே அமிலம் அவற்றிலும் உண்டு.

நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்களுக்கு வரும் புரஸ்டேற் புற்றுநோய்க்கென அமெரிக்காவில் மூலிகைக் கூட்டு மருந்தொன்று விற்கப்பட்டது. அதன் எட்டு மூலிகைகளில் பெரும்பாலானவை சீன மூலிகைகள். பெயர் பி.சி. ஸ்பெஸ். 'ஸ்பெஸ்' என்றால் இலத்தீனில் நம்பிக்கை. அது பலருக்கு வேலையும் செய்தது. பிறகு சோதித்துப் பார்த்தபோது, ஆலையில் தயாராகும் மருந்துகள் அதனுள் இரகசியமாகக் கலந்திருந்தது தெரியவந்தது. இப்புற்றுநோய்க்கு வைத்தியர்கள் நெடுங்காலம் கொடுத்துவந்த செயற்கைப் பெண் ஹோர்மோனும் அவற்றுள் ஒன்று. 2002இல் அது சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. எதைக் கண்டு பயந்து ஓடிவந்தார்களோ அதையே மூலிகை என்ற பெயரில் விழுங்கியிருக்கிறார்கள். அளவு தெரியாமல், கண்காணிப்பில்லாமல்.

இவ்வளவையும் சொன்னபிறகு எதிர்ப்பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. எம்மவர் ஏன் அந்தக் கடைக்குப் போகிறார்கள்? வைத்தியசாலையில் டொக்டர் நோயாளிக்குப் புரியாத மொழியில் வீதக்கணக்குச் சொல்கிறார். பல வீடுகளில் அதை மொழிபெயர்ப்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. தாயின் நோயைத் தாய்க்கே சொல்லவேண்டிய சுமையை அந்தப் பிள்ளை சுமக்கிறது. சொல்லமுடியாததை விழுங்கியும் விடுகிறது. மூலிகை வைத்தியரோ இரண்டு கைகளிலும் நாடி பார்க்கிறார். நித்திரை எப்படி, பசி எப்படி, மனதில் என்ன என்று கேட்கிறார். மேற்கு நாட்டு வைத்தியம் இதைக் கற்றுக்கொள்ளவேண்டும். ஊசிகுத்தும் சீன முறை சிலவகை வலிகளைத் தணிக்கிறது என்பதை இன்று புற்றுநோய் வைத்தியர்களின் வழிகாட்டிகளும் ஏற்கின்றன. ஆறுதலுக்காகவும் வலிக்காகவும் அங்கே போவதில் பிழையில்லை.

ஆனால் ஆறுதல் வேறு, கட்டியைக் கரைப்பது வேறு. இன்னும் பரவாத நிலையில், சிகிச்சையைக் கைவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நாடிய 281 நோயாளிகளை அமெரிக்க யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, மரணிக்கும் அபாயம் மாற்று வைத்தியத்தை மட்டும் நாடியவர்களுக்கு இரண்டரை மடங்கு. பிழைத்திருக்கக்கூடியவர்களும் இதற்குள் அடங்குவர்.

எல்லாவற்றையும் விட்டு வந்த எமக்குப் பழமை என்ற சொல்லின் மீது ஒரு பரிவு உண்டு. மண் போனபின் மொழி, சாப்பாடு, கைமருந்து என மிஞ்சியவற்றை இறுகப் பிடித்திருக்கிறோம். சீனரின் பழமைக்காக நாம் வாதாடுவதும் ஒருவகையில் எமது பழமைக்கான வாதாட்டமே. காலனித்துவம் சுதேச வைத்தியங்களை இழிவுசெய்தது என்பதும் உண்மை. ஆனால் அந்த அவமானத்துக்கான பதிலை ஒரு நோயாளியின் உடலில் எழுத எமக்கு உரிமையில்லை. வாதத்தில் வெல்வது நாம். விலை கொடுப்பது அவர்.

ஆகவே எமது பதில் ஆம் என்பதே. அன்பு உண்மைக்குக் கட்டுப்பட்டது. விலாசம் கொடுப்பதோடு எமது கடமை முடிவதில்லை. வைத்தியசாலைக்குக் கூடப்போவோம். பிள்ளையை விலக்கி மொழிபெயர்ப்பாளரைக் கேட்போம். பல நாடுகளில் அது நோயாளியின் உரிமை. அவர் குடிக்கும் கசாயத்தின் பெயரையும் உட்பொருட்களையும் ஒரு கடதாசியில் எழுதி டொக்டரிடம் காட்டுவோம். அவர் முகம் சுளித்தாலும் காரணத்தைக் கேட்போம். மருந்துக்கடைக்காரரிடமும் அதே கேள்விகளைக் கேட்போம்: இது என்ன, எவ்வளவு, யாரில் சோதிக்கப்பட்டது? பதில் சொல்லாத எந்த வைத்தியத்தையும், அது எத்தனை ஆயிரம் ஆண்டுகள் பழையதாயினும், எமது ஊரிலிருந்தே வந்ததாயினும், எம்மவர் ஒருவருக்கு நாம் சிபாரிசு செய்யாமல் இருப்போம்.