கூலி என்றால் மட்டும் பேரம்

பழைய வேனுக்கு ஆல்டர்நேட்டர் மாற்றும்போது இரண்டு தொகை வரும். ஒன்று சாமானின் விலை. மற்றது கூலி. சாமானுக்குக் கடைக்காரர் பில் போடுகிறார், வண்டிக்காரர் பேசாமல் எண்ணி வைக்கிறார். கூலியைச் சொன்னதும் முகம் மாறுகிறது. "நாலு போல்ட்டக் கழட்டி மாட்டுனதுக்கு இம்புட்டா?" பொருளுக்குத் தருவதைக் கடமை என்றும், கைக்குத் தருவதைத் தர்மம் என்றும் நினைக்க நமக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

அந்த நாலு போல்ட் என்னவென்று பார்ப்போம். எங்க சித்தப்பா ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவரிடம்தான் நான் வேலை பழகினேன். பட்டறையில் இன்னமும் ஆல்டர்நேட்டரை 'டைனமோ' என்றுதான் சொல்லுவோம். ஆம்னி வேன் தயாரிப்பு 2019இல் நின்றுபோனது, ஆனால் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. "புது பேட்டரி போட்டும் ரெண்டு நாள்ல எறங்கிடுதுங்க" என்று வருவார்கள். சித்தப்பா மீட்டரை வைப்பார். வண்டி நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏறணும். ஏறலைன்னா பேட்டரி மேல குத்தமில்ல, அதுக்குச் சார்ஜ் வரல.

உடனே டைனமோவில் கை வைக்க மாட்டார். பெல்ட் தளர்ந்திருக்கா, வயர் முனை பச்சை பூத்திருக்கா என்று பார்ப்பார். கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் பிரஷ்ஷை மாற்றினால் போதும். ஸ்லிப் ரிங் குழி விழுந்து, காயிலும் கருகிவிட்டால் முழுசா மாத்தணும். கழற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுக்கணும், இல்லாட்டி ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். மாட்டியபின் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் போல இறங்கணும். இழுத்துக் கட்டினா புது பேரிங் போயிடும். தளர விட்டா சார்ஜ் ஏறாது.

இதில் எது அறிவு இல்லை? டாக்டர் ஐந்து நிமிஷம் பார்த்துச் சொன்னதற்கு யாரும் பேரம் பேசுவதில்லை. சித்தப்பாவும் பார்த்துத்தான் சொல்கிறார். ஆனால் அவர் கையில் கிரீஸ். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குவது என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். கை அழுக்காகும் வேலையெல்லாம் அந்த அடுக்கின் அடியில்தான் கிடக்கிறது. ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்குச் சந்தனம் வைக்கிற ஊர், ஸ்பேனர் பிடித்தவனை 'டேய்' என்று கூப்பிடுகிறது.

"மெக்கானிக்கும் ஏமாத்துறானே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். பிரஷ் போதும் என்கிற இடத்தில் முழு டைனமோவையே மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரஷ் விலை சில்லறைக் காசு. அதைக் கண்டுபிடித்ததற்குக் கூலி கேட்டால் சண்டை. முழு டைனமோ என்றால் கடையில் கமிஷன் கிடைக்கும். நேராகக் கொடுக்க மறுத்த கூலியைச் சாமானுக்குள் ஒளித்து வாங்கிக்கொள்கிறான். நான் இதை நியாயப்படுத்தவில்லை. பொய் பொய்தான். வாடகைக்கு வேன் ஓட்டிப் பிழைக்கிற ஏழையின் தலையிலும் அதுதான் விடிகிறது. ஆனால் அந்தப் பொய்யில் பேரம் பேசினவனுக்கும் பங்குண்டு.

பிரஷ் மாற்றி ஒருமுறை 200 ரூபாய் கேட்டார் சித்தப்பா. வண்டிக்காரர் 50 ரூபாயை சீட்டில் போட்டுவிட்டுப் போனார். அவரே பிறகு இன்னொரு வண்டிக்கு வேறு பட்டறையில் புது டைனமோ மாட்டி, கேட்டதைக் கொடுத்தார். அங்கே பில் இருந்ததாம். உண்மை சொன்னவருக்கு 150 ரூபாய் நஷ்டம். தொழிலாளியிடம் நேர்மை கேட்கிறவர்கள், நேர்மையாக இருந்தால் கட்டுப்படியாகிற கூலியைத் தருகிறார்களா?

மேடையில் உழைப்பைப் பேசுகிற நமக்கும் இந்தக் கேள்வி உண்டு. கூட்டத்துக்கு எடுத்த வேன் வழியில் நின்றால் நாமும் இதே பேரத்தைத்தான் பேசுகிறோம். எதையும் மாற்றாமல், "டைனமோ நல்லாத்தான் இருக்கு, பெல்ட்டுதான் தளர்ந்திருக்கு" என்று ஒருவர் பார்த்துச் சொன்னால், அந்தச் சொல்லுக்கும் கூலி உண்டு. அதைக் கேட்டு வாங்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. கேட்கவைக்காமல் கொடுப்பது நம் கடமை.