அமானிதமா, கடனா?

வேலை தேடித் துபாய் செல்லும் நம் இளைஞர் எவரும் வங்கிக் கணக்கு என்னும் வாயிலைத் தாண்டாதிருத்தல் அரிது. 2009 இல் வந்த ஊதியப் பாதுகாப்பு முறைப்படி, அமீரகத் தனியார் நிறுவனங்கள் வங்கி, நாணய மாற்று நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற வழிகளிலேயே ஊதியம் வழங்குகின்றன. பாஸ்போர்ட், விசா, அடையாள அட்டை, சம்பளச் சான்று ஆகியவற்றை நீட்டிப் படிவத்தில் கையொப்பமிடுகிறார். எந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டீர் என்று கேட்டால் விழிக்கிறார்.

‘பணத்தை வங்கியில் போட்டு வைத்திருக்கிறேன்’ என்பது நம் வழக்கு. போட்டு வைப்பது அமானிதம். அமானிதப் பொருளை வாங்கியவர் தமக்கெனச் செலவிடலாகாது. அவர் குற்றமின்றி அது தொலைந்தால் ஈடு செய்யும் கடமையும் அவருக்கில்லை. வங்கியோ நம் பணத்தை எடுத்தாள்கிறது. அதே அளவு திருப்பித் தரவும் பொறுப்பேற்கிறது. ஃபிக்ஹில் இதன் பெயர் கர்ளு, அதாவது கடன். வரிசையில் நின்று வங்கிக்குக் கடன் கொடுத்துவிட்டு வருகிறார் நம் பிள்ளை!

இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள். மக்கள் பொருளை அமானிதமாக ஒப்படைக்க வந்தால், அது தொலைந்துவிடுமோ என அஞ்சி, ‘அமானிதமாக வேண்டா, கடனாகத் தாருங்கள்’ என்பார்கள். கடனாயின் பொறுப்புத் தம் தலைமேல் வரும் என்பதறிந்தே அவ்வாறு கேட்டார்கள். ஜமல் போர் நாளில் அவர்கள் ஷஹீதானபோது கடன் 22 லட்சம் இருந்ததாக ஸஹீஹுல் புகாரீ கூறுகிறது. மகனார் அப்துல்லாஹ் (ரலி) நிலங்களை விற்றுக் கடனை அடைத்த பின்னரும், நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், கடன் வரவேண்டியோர் வருக என அறிவித்த பிறகே சொத்தைப் பங்கிட்டார்கள்.

கடன் என்று தெளிந்தபின், அதன்மேல் உறுதி செய்யப்படும் கூடுதல் தொகை ரிபா என்பதில் ஐயமில்லை. துபாய் இஸ்லாமிய வங்கி 1975 இல் தோன்றியது. இத்தகைய வங்கிகளின் சேமிப்புக் கணக்குகள் பெரும்பாலும் முளாரபா அடிப்படையில் அமைந்தவை: இலாபத்தில் இருவருக்கும் பங்கு, நட்டம் வந்தால் முதலிட்டவருக்கு. ஆனால் கணக்குத் தொடங்கச் செல்லும் நம்மவர் முதலில் கேட்பது, ‘எத்தனை சதவீதம் கிடைக்கும்?’ என்பதே. நட்டத்தைத் தாங்குவீரா என்றால் முகம் சுருங்குகிறது. ஹலால் என்னும் பெயரும் வேண்டும், வட்டியின் உறுதியும் வேண்டுமாம்! பொறுப்பை ஏற்பவனுக்கே பயன் என்பது நம் ஃபிக்ஹு நூல்களின் விதி. தங்கையின் நிக்காஹுக்கெனச் சேர்க்கும் பணத்தில் ஒரு திர்ஹமும் இழக்க இயலாதவர், இலாபம் வேண்டாமென நடப்புக் கணக்கில் வைப்பதே நேர்மை என்பது நம் கருத்து. குறைந்த இருப்புக்குக் கீழே போனால் பல வங்கிகள் கட்டணம் பிடிக்கும். அதையும் முன்பே கேட்டறிதல் நலம்.

இன்னொன்று. கணக்குடையவர் மவுத்தான செய்தி எட்டியதும் அங்குள்ள வங்கிகள் கணக்கை முடக்கி, வாரிசுகளுக்கான நீதிமன்ற ஆணையைக் கேட்கின்றன. ஸுபைர் (ரலி) அவர்கள் போர்க்களத்திலேயே மகனை அழைத்துத் தம் கடன்களைப் பற்றி வஸிய்யத்துச் செய்தார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் காத்திருக்கும் மனைவியருள், கணவருக்கு எந்த வங்கியில், எவ்வகைக் கணக்கு இருக்கிறது என்றறிந்தவர் எத்தனை பேர்?